வள்ளிக்கும்மி பாட்டு எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லதுங்க?

எல்லாருக்கும் வணக்கமுங்க. பெருந்துறை பக்கம் ஒரு கிராமம். எங்கூர்ல வள்ளிக்கும்மி பழகறப்ப வாத்தியார் பாடறதைப் பதிஞ்சு வைக்கிறது என் பொழுதுபோக்கு. காசுக்கு இல்லீங்க, புள்ளைங்க வீட்ல கேட்டுப் பழகத்தான்.

தெரிஞ்ச தம்பி ஒருத்தர் 'கிராக்' போட்ட (காசு கட்டாம ஓட பூட்டை ஒடச்ச) சாஃப்ட்வேர் ஒண்ணு பென்டிரைவ்ல குடுத்தாப்ல. போடறதுக்கு ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னாங்க, அப்பவே சுதாரிச்சிருக்கோணும். மூணே நாள்ல எல்லா ஃபைலும் பூட்டிக்கிச்சு. ரெண்டு வருசப் பாட்டு போச்சுங்க. ஓசின்னு நெனச்சது இத்தனை வெலை ஆயிருச்சு.

இப்ப ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட் சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். இலவசம், காத்துச் சத்தமும் ஓரளவு கொறையுது. எல்எம்எம்எஸ்ங்கற இசை சாஃப்ட்வேர்ல மைக்ல நேரா பதிய வழியில்லைன்னு விட்டுட்டேன். ரீப்பர்ங்கற இன்னொரு ஆடியோ சாஃப்ட்வேரை 60 நாள் சும்மா பாக்கலாமாம்; பொறவு சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். அதைக் குடுக்கலாம்னுதான் தோணுது, ஆனா என்றது 4 ஜிபி ரேம் பழைய லேப்டாப்.

ஆராச்சும் ஆடாசிட்டி, ரீப்பர் ரெண்டையும் ஓட்டிப் பாத்திருக்கீங்களா? வாத்தியார் குரலையும் பம்பைச் சத்தத்தையும் தனித்தனி டிராக்ல வெச்சு சரி பண்ண ஆடாசிட்டியே போதுமுங்களா?