ஈபாநெட்: வால் பகுதி நோடுகளில் மைனஸ் அழுத்தம், அவசரம்

பைப்லைன்_பாலா: சென்னையில் ஒரு பகுதியின் குடிநீர்க் குழாய்களுக்கு ஈபாநெட் மென்பொருளில் மாடல் போட்டிருக்கிறேன். ரன் பண்ணினால் கடைசியில் இருக்கும் வால் பகுதி நோடுகளில் (குழாய்கள் சேரும் புள்ளிகளில்) எல்லாம் மைனஸ் அழுத்தம். விட்டம், நீளம் சரிபார்த்தாச்சு. நிஜத்தில் அங்கே தண்ணீர் வருகிறது! வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கொடுக்கணும், யாராவது சொல்லுங்க.

மலர்விழி: எந்தப் பதிப்பு? தினம் எத்தனை மணி நேரம் சப்ளை? தரைமட்ட அளவு எங்கே எடுத்தீங்க?

கோட்_குமரன்: சி மதிப்பைக் (குழாயின் உள்வழவழப்பைக் காட்டும் எண்) குறைவாக வைத்திருப்பீங்க, வேறென்ன. பைத்தானில் டபிள்யூஎன்டிஆர் என்ற நிரல் தொகுப்பு மூலம் மாடலை ஏற்றி, மதிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பொருந்துவதைத் தேடும் ஜெனடிக் அல்காரிதம் ஓடவிட்டால் தானே சரியாகிடும்.

பழைய_இன்ஜினியர்: தம்பி, கையேட்டைத் திறந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நீங்கள் கேட்ட தண்ணீரை எப்படியும் கொடுத்தே தீருவேன் என்றுதான் ஈபாநெட் கணக்குப் போடும். அழுத்தம் பத்தாவிட்டால் மைனஸில் காட்டும். அடிப்படை.

பைப்லைன்_பாலா: பதிப்பு 2.0. தினம் 3 மணி நேர சப்ளை, ஆளுக்கு ஒரு நாளுக்கான 135 லிட்டரும் அதற்குள் போட்டிருக்கிறேன். தரை உயரம் எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ராடார் எடுத்த உயரத் தரவு).

மலர்விழி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. 24 மணிக் கணக்கைவிட 8 மடங்கு ஓட்டம் அது. 2020இல் வந்த 2.2க்கு மாறுங்க, அதில் டிமாண்ட் மாடலை பிடிஏ (அழுத்தத்தைப் பொறுத்து வரத்தைக் கணக்கிடும் முறை) என்று வைத்தால் அழுத்தம் குறையக் குறைய வரத்தும் குறையும். தேவையான அழுத்தம் என்ற இடத்தில் தானாக இருப்பது 0.1, அப்படியே விட்டால் மாற்றியும் பயனில்லை. தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு வழக்கமாகச் சொல்வது 7 மீட்டர். ஆனால் வீட்டுச் சம்ப்புத் தொட்டி தரைக்குக் கீழே இருப்பதால் நிஜத்தில் அதைவிடக் குறைந்த அழுத்தத்திலும் நிரம்பும், அதனால்தான் அங்கே தண்ணீர் வருகிறது. அப்புறம் எஸ்ஆர்டிஎம் வேண்டவே வேண்டாம். கட்டிடக் கூரையையும் மரத்தையும் தரையோடு சேர்த்து எடுக்கும், பல மீட்டர் பிசகும். சென்னை மாதிரி சமதள ஊரில் அந்தப் பிசகே உங்கள் மொத்த அழுத்தத்தைத் தின்றுவிடும். லெவல் சர்வே எடுங்க.

கோட்_குமரன்: சர்வே எல்லாம் எந்தக் காலத்து வழி? அல்காரிதத்துக்கு அளவீடு கொடுத்தால் போதும்.

பழைய_இன்ஜினியர்: நாலு இடத்து அழுத்தத்தை வைத்து ஐந்நூறு குழாயின் சி மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பீர்? பொருந்தும் விடை ஆயிரம் கிடைக்கும், எது நிஜம்?

கோட்_குமரன்: ஒரே வயது, ஒரே வகைக் குழாய்களை ஒரு குழுவாக்கினால் அறியாத எண்ணிக்கை பத்துக்குள் வந்துவிடும் சார்.

பழைய_இன்ஜினியர்: எந்தக் குழாய் எந்த ஆண்டு புதைத்தது என்ற பதிவு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.

மலர்விழி: பாதி மூடிய வால்வை எந்தக் குழுவில் சேர்ப்பீங்க குமரன்? அல்காரிதம் அதையும் பழைய குழாய் என்றே நினைத்துக்கொள்ளும். முதலில் வால்வுகளைப் போய்ப் பாருங்க.

பைப்லைன்_பாலா: பிடிஏ, 7 மீட்டர் போட்டேன். மைனஸ் போச்சு. வால் பகுதிக்குக் கேட்டதில் பாதிகூடப் போகவில்லை என்று காட்டுகிறது. சர்வேக்கு ஆள் கேட்டிருக்கிறேன். நன்றி.