பழனிக்கு நடந்த கால்கள் ஐரோப்பியக் கடலோரத்துக்குப் போதுமா?

கண்டனூர் நடையாளர்:
போர்ச்சுகலின் சாவோ விசென்ட் முனையிலிருந்து எஸ்டோனியாவின் நார்வா பக்கம் வரை கடலை ஒட்டிச் செல்லும் நெடும்பாதை இ9. ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நமக்கு இது எட்டாத தூரமல்ல. யார் வருகிறீர்கள்?

தேவகோட்டைக்காரர்:
அண்ணே, பழனி நடையை அளவுகோலாக வைக்காதீர்கள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று வழிநெடுக மோரும் சோறும் கொடுக்க ஆட்கள் நிற்கிறார்கள். மூட்டை வண்டியில் வந்துவிடுகிறது. அங்கே கூடாரமும் நம் முதுகில்தான். அதைவிட, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்க முடியும். நாளுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் 200 நாட்கள் ஆகும். நடுவே ரஷ்யாவின் கலினின்கிராட். அதற்குத் தனி விசா.

கண்டனூர் நடையாளர்:
முழுவதையும் ஒரே மூச்சில் நடக்கச் சொல்லவில்லை, தம்பி. லித்துவேனியாவின் நிடாவிலிருந்து லாட்வியா வழியாக எஸ்டோனியாவின் தாலின் வரை சுமார் 1,400 கிலோமீட்டர். மூன்று நாடுகளுக்கும் ஒரே விசா போதும். நாளுக்கு 20 கிலோமீட்டர் என்றால் 70 நாட்கள்; ஓய்வுக்கும் நாள் மிஞ்சும்.

தொண்டிக் காற்று:
இவ்வளவு செலவழித்து அங்கே போவானேன்? தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம் என்று நம் கடற்கரையே கிடக்கிறதே!

கண்டனூர் நடையாளர்:
கரை இருக்கிறது, பாதை எங்கே இருக்கிறது? காரங்காட்டு அலையாத்திக் காடு, உப்பங்கழி என்று குறுக்கிடும்போதெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறி லாரிகளுக்கு ஒதுங்கி நடக்க வேண்டும். இ9 போகும் வழியில், பிரான்சின் பிரிட்டனியில் கள்ளக்கடத்தலைத் தடுக்கச் சுங்கக் காவலர்கள் சுற்றிய தடம்தான் இன்று ஜிஆர் 34 என்ற நடைபாதை. திருப்பத்துக்குத் திருப்பம் பாறையில் வெள்ளை மேலும் சிவப்பு கீழுமாக இரண்டு பட்டைகள் தீட்டியிருப்பார்கள். வழி கேட்க ஆள் தேவையில்லை. கடலோரத் தனியார் நிலத்தில் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று 1976இல் சட்டமே போட்டார்கள். அப்படி ஒரு சட்டம் நமக்கும் வேண்டும் என்று கேட்பதற்காகவாவது அங்கே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

தொண்டிக் காற்று:
வலைகாயும் இடத்தில் நடைபாதை போட்டால் மீனவர்கள் எங்கே போவார்கள்? அதையும் யோசியுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தேவகோட்டைத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழனிக்கு வெறுங்காலில் நடக்கிறோம். கொப்புளம் உள்ளங்காலில் வரும். ஈரமான காலணிக்குள் குதிகாலின் பின்புறமும் சுண்டுவிரலும் உரிந்துபோகும். பழக்கப்பட்ட காலுக்கும் அது புது வலி. ஆனால் காலையில் வலியோடு எழுந்து மறுபடி நடக்கிற மனதைப் பழனி கொடுத்திருக்கிறது. அதை நீங்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது.

தேவகோட்டைக்காரர்:
மனதை நான் மறுக்கவில்லை, ஆச்சி. முதுகுச் சுமைதான் என் கவலை. பத்துக் கிலோ பையோடு தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டி வரை அண்ணன் முதலில் நடந்து காட்டட்டும். அதன் பிறகு விசாவைப் பற்றிப் பேசலாம்.

கண்டனூர் நடையாளர்:
மாசி வெயில் ஏறுவதற்குள் நடக்கிறேன். நீங்களும் பையோடு வாருங்கள்.