மறுமடல்: 'ஃபிட்னெஸ்' – எச்சத்தகவா, எச்சப்பேறா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

பரிணாமவியலில் வரும் 'ஃபிட்னெஸ்' (ஒரு வகை உயிர் ஒரு சூழலில் சராசரியாக எத்தனை பிள்ளைகளை விட்டுச்செல்லும் என்ற அளவு) என்பதற்கு நம் அகராதிக் கோப்பில் 'எச்சத்தகவு' என்று வைக்கலாம் என நான் முன்வைத்ததும் மடல்கள் குவிந்துவிட்டன. தனித்தனியே பதில் எழுதினால் இழை சிக்கலாகிவிடும். ஒரே மடலில் எழுதிவிடுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'தகுதி' ஏற்கெனவே இருக்கிறது. 'தக்கன உயிர் பிழைத்தல்' என்று பாடநூலில் படித்துத்தானே எல்லாரும் வந்தோம்? புதுச்சொல் எதற்கு?

படித்துத்தான் வந்தோம். என்ன புரிந்துகொண்டு வந்தோம் என்பதுதான் கேள்வி. பட்டிமன்றத்தில் பாருங்கள், வாட்ஸப்பில் பாருங்கள், "வலியவன் வாழ்வான் என்று டார்வினே சொல்லிவிட்டார்" என்றுதான் பேச்சு. 'தக்கன உயிர் பிழைத்தல்' என்ற தொடரை உருவாக்கியவர் டார்வின் அல்லர். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உருவாக்கினார். டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வைத் தனியே கண்டறிந்த வாலஸ் வற்புறுத்தியதால் டார்வின் தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல், சேர்த்துக்கொண்டார். 'இயற்கைத் தேர்வு' என்பதில் 'தேர்வு' என்றால் யாரோ உட்கார்ந்து பொறுக்கி எடுப்பதுபோல் படிக்கிறார்களே என்பது வாலஸின் கவலை. டார்வினுக்கும் அந்த உறுத்தல் இருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்குவதானால் 'இயற்கைக் காப்பு' என்ற பொருளில் பெயர் வைத்திருப்பேன் என்று 1860இல் புவியியலாளர் லயலுக்கு எழுதியிருக்கிறார்.

நமக்கு இன்னொரு தொல்லை கூடுதல். தமிழில் தேர்வு என்றால் பரீட்சை. அதோடு 'தகுதி'யையும் சேர்த்துவிட்டால், இயற்கை ஏதோ ஆசிரியர் தகுதித் தேர்வு நடத்தி மதிப்பெண் போடுவதுபோல் ஆகிவிடுகிறது. 'இயற்கைத் தேர்வு' வேரூன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம். 'தகுதி'யையாவது மாற்றலாம்.

ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு டாஃப்னி மேஜர் தீவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் ஆள் குடியில்லாத ஒரு சின்ன எரிமலைக் கூம்பு அது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கே போய் ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வண்ண வளையம் மாட்டி, அலகை அளந்து, திரும்பப் பறக்கவிட்டார்கள். ஒவ்வொரு குருவிக்கும் தாய் யார், தகப்பன் யார், குஞ்சு எத்தனை என்று கணக்கு வைத்தார்கள்.

1977இல் மழை பொய்த்தது. மழைக்காலம் முழுவதும் சேர்த்து 24 மி.மீ.தான். நடுத்தர அளவுத் தரை ஃபிஞ்ச் சுமார் 1200 இருந்தது, சுமார் 180க்கு இறங்கியது. சின்ன, மெல்லிய விதைகளை முதலில் தின்று தீர்த்தன. மிஞ்சியது பெரும்பாலும் நெருஞ்சி. நம்மூர்த் தரிசில் செருப்பைத் துளைக்கிறதே, அதே நெருஞ்சியின் நெருங்கிய சொந்தம். காய் காய்ந்து மரக்கட்டைபோல் இறுகிய துண்டுகளாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் முள், அதற்குள்ளே விதைகள். அலகின் அடிப்பகுதி தடித்த குருவிதான் அந்தத் துண்டின் பக்கவாட்டை நெரித்துத் திறக்கும். மெல்லிய அலகுள்ளது முயன்று பார்த்துவிட்டுப் போட்டுவிடும். பஞ்சத்தைத் தாண்டியவற்றின் சராசரி அலகுத் தடிமன், பஞ்சத்துக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதல். 1978இல் மழை திரும்பிய பிறகு பொரித்த குஞ்சுகளுக்கும் அலகு தடித்தே இருந்தது, ஏனென்றால் அலகின் அளவு பெருமளவு பெற்றோரிடமிருந்து வருவது.

இதுவரை 'தகுதி' என்று சொன்னாலும் ஓடிவிடும். இடறுவது அடுத்த இடத்தில். பெண் குருவிகள் உருவத்தில் சற்றுச் சிறியவை, ஆகவே அவைதான் அதிகம் மாண்டன. பஞ்சம் முடிந்தபோது ஆண்கள் பெண்களைவிடப் பல மடங்கு. பிழைத்த ஆண்களில் பலவற்றுக்கு ஜோடியே கிடைக்கவில்லை. பட்டினியைத் தாண்டிவிட்டு, ஒரு கூட்டுக்கும் தகப்பன் ஆகாமல் செத்த அந்த ஆணுக்கு என்ன பெயர்? 'தக்கன உயிர் பிழைத்தல்' என்ற தொடர்ப்படி அது தக்கது. அடுத்த தலைமுறையில் அதன் சுவடே இல்லை. இயற்கைத் தேர்வுக்கு உயிர் பிழைப்பது பாதி வழிதான், மீதிப் பாதி பிள்ளை விடுவது. நம் தொடர் அந்த மீதியை விழுங்கிவிட்டது.

அப்புறம் 1983. எல் நினோவால் தீவில் மழை கொட்டித் தீர்த்தது. சிறு விதைச் செடிகள் எங்கும் படர்ந்தன. அதன்பின் வந்த வறட்சியில் சின்ன அலகுக் குருவிகள்தாம் தேறின. 2004-05 வறட்சி இன்னும் சுவாரஸ்யம். அதற்குள் பெரிய தரை ஃபிஞ்ச் என்ற தடியன் தீவில் குடியேறி, நெருஞ்சியைத் தின்று தீர்த்துவிட்டிருந்தது. 1977இல் காப்பாற்றிய அதே தடித்த அலகு இப்போது பாரமாகிப்போனது. நடுத்தர ஃபிஞ்சின் சராசரி அலகு சட்டென்று சிறுத்தது. 'தகுதி' என்று சொன்னால் அது அந்தக் குருவியின் சொந்தச் சொத்துபோல் கேட்கிறது. உண்மையில் அது குருவி, விதை, மழை, பக்கத்து வீட்டுக்காரன் எல்லாரும் சேர்ந்து முடிவுசெய்வது.

> 'எச்சம்' என்றதும் காக்கை எச்சம்தான் நினைவுக்கு வருகிறது. மாணவர்கள் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். சிரித்த சொல் மறக்காது. ஆனால் எச்சம் என்றால் எஞ்சுவது. பறவை எச்சம், பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் அதன் கிளைகள்தாம். பிள்ளைகள் என்ற பொருளும் பழையதே:

தக்கார் தகவிலர் என்பது அவரவர்
எச்சத்தாற் காணப் படும்.

நடுவுநிலைமை அதிகாரத்தில் வரும் 114ஆம் குறள். இங்கே எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் நன்மக்கள் என்றே பொருள் கொள்கிறார். புகழும் பழியும் என்று கொள்வாரும் உண்டு. தகவையும் எச்சத்தையும் ஒரே மூச்சில் இணைத்த இந்த இரண்டு அடியிலிருந்துதான் எச்சத்தகவு என்ற கூட்டுச்சொல்லை எடுத்தேன். வள்ளுவர் பேசுவது நடுவுநிலைமையை. இதை வைத்து "டார்வினுக்கு முன்பே வள்ளுவர்" என்று யாரும் ஃபார்வர்ட் கிளப்பிவிட வேண்டாம், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

தொல்லுயிர் எச்சத்தோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இது நியாயமான கவலை. தொல்லுயிர் எச்சத்துக்கு (ஃபாசில்) புதைபடிவம் என்ற சொல் நன்றாக ஓடுகிறது. ஒரே நூலில் இரண்டும் வந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

> தகவு என்பதைப் பொறியியலில் விகிதம் என்ற பொருளில் ஆள்கிறோம். மோதும்.

ஐயா, மோதாது, கைகொடுக்கும். மக்கள்தொகை மரபியலில் ஃபிட்னெஸ் கடைசியில் ஒரு விகிதமாகத்தான் எழுதப்படுகிறது. 1924இல் மரபியலாளர் ஹால்டேன் போட்ட கணக்கைப் பாருங்கள். மான்செஸ்டர் பக்கம் புள்ளி அந்துப்பூச்சியில் கரிய வகை 1848இல் அரிது, 1901இல் ஏறக்குறைய எல்லாமே கருப்பு. இவ்வளவு வேகமாக மாற வேண்டுமானால், வெளிர் வகை இரண்டு எச்சம் விடும் இடத்தில் கரிய வகை சுமார் மூன்று விட்டிருக்க வேண்டும் என்று காட்டினார். கரிய வகையின் எச்சத்தகவை 1 என்று வைத்தால் வெளிர் வகைக்குச் சுமார் 0.67. இந்த வாக்கியத்தில் தகவு என்பதைப் பொருத்தம் என்று படித்தாலும் சரி, விகிதம் என்று படித்தாலும் சரி, பொருள் கெடவில்லை. (அதே ஹால்டேன்தான் பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். அவரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதலாம்.)

> 'அடாப்டேஷன்' உங்கள் வழக்கில் தகவமைப்பு. எங்கட பாடநூல்களில் இசைவாக்கம். பரிணாமம் எங்களுக்குக் கூர்ப்பு. 'தகவு' உங்கள் சொற்குடும்பத்துக்கு மட்டும்தான் பொருந்துகிறது.

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வது உண்மை. தகவு, தகவமைப்பு என்று வேர் ஒன்றாக வருவது எனக்குப் பிடித்ததே அதனால்தான், அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. ஆனாலும் எச்சத்தகவு தகவமைப்பைச் சார்ந்து நிற்கவில்லை, குறளைச் சார்ந்து நிற்கிறது. அது இரு கரைக்கும் பொது. 'கூர்ப்பில் எச்சத்தகவு' என்று எழுதிப் பாருங்கள், எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்தினால் சொல்லுங்கள்.

இனி, என்னை உண்மையிலேயே நிறுத்தி யோசிக்கவைத்த மடல்.

> பிள்ளை இல்லாதவர்களை நம் சமூகம் படுத்தும் பாடு போதாதா? அறிவியலும் அவர்களைத் 'தகவிலர்' என்று சொல்ல வேண்டுமா? 'எச்சப்பேறு' என்று வைத்தால் தீர்ப்பு இல்லாமல் கணக்கு மட்டும் இருக்குமே.

அம்மா, இந்த மடலுக்காகவே இந்த இழை நடந்தது தகும். மேற்கிலும் 'ஃபிட்னெஸ்' என்ற சொல் ஆளை அளக்கும் கோலாக மாறி, இன்னார் பிள்ளை பெறலாம், இன்னார் கூடாது என்று சட்டம் போடும் அளவுக்குப் போனது வரலாறு. எனவே வரையறையிலேயே வேலி போட வேண்டும்: எச்சத்தகவு ஓர் ஆளுக்கு உரியதல்ல, ஒரு சூழலில் ஒரு மரபுவகைக்கு (ஒரே மரபுக்கூறு அமைப்பு உள்ளவற்றுக்கு) உரியது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பது 1952லேயே பதிவாகியிருக்கிறது. அதன் ஒரு படி (நகல்) மட்டும் இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு, இரண்டு படி இருந்தால் அரிவாள் செல் நோய். கொசு உள்ள காட்டில் ஒரு கணக்கு, கொசு ஒழிந்த ஊரில் வேறு கணக்கு. இதில் எந்த மனிதரைத் தக்கார், தகவிலர் என்பது?

எச்சப்பேறு என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பேறு என்பது கிடைத்தது. மகப்பேறு மாதிரி, நடந்து முடிந்த ஒன்று. அதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். ஒரே மாதிரியான இரண்டு குருவிகளில் ஒன்றை ஆந்தை அடித்துவிட்டால், இரண்டின் எச்சப்பேறும் வேறு. ஆனால் எச்சத்தகவு இரண்டுக்கும் ஒன்றேதான், ஏனென்றால் அது அந்த வகைக்கு அந்தச் சூழலில் எதிர்பார்க்கத்தக்க சராசரி. ஜோடி கிடைக்காமல் செத்த ஒரு குறிப்பிட்ட ஆண் குருவியைப் பற்றிப் பேசினால் 'அதன் எச்சப்பேறு சுழியம்' என்போம். தடித்த அலகுள்ள ஆண்களைப் பொதுவாகப் பேசினால் 'எச்சத்தகவு கூடுதல்' என்போம். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டு பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். நாம் இப்போதே பிரித்துக்கொள்ளலாம். தகவு வேறுபட்டு, அதனால் பேறு வேறுபட்டு, அந்தப் பண்பு பிள்ளைகளுக்கும் இறங்கினால் அது இயற்கைத் தேர்வு. தகவு ஒன்றாகவே இருந்து பேறு மட்டும் தற்செயலாக வேறுபட்டால் அது மரபணு அலைவு. இரண்டுக்கும் உள்ள எல்லைக்கோடு தானாகவே கிடைத்துவிடுகிறது.

> வேலைக்கார எறும்பு பிள்ளை பெறுவதே இல்லை. அதற்கு எச்சத்தகவு சுழியமா?

நேரடிக் கணக்கில் ஆமாம். பரிணாமவியலாளர் ஹாமில்டன் 1964இல் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார்: உடன்பிறந்தவர்களை வளர்த்தாலும் தன் மரபணுவின் படிகள் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. அந்தப் பங்குக்குச் சுற்றத்தகவு என்று வைக்கலாம். எச்சத்தகவும் சுற்றத்தகவும் சேர்ந்தது முழுத்தகவு. உறவு தூரமாக ஆக அதற்கேற்பக் குறைத்துத்தான் கூட்ட வேண்டும் என்பதை வரையறையில் சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊரே சொந்தம் என்று கணக்கு எகிறிவிடும்.

ஆக, அகராதிக் கோப்பில் எச்சத்தகவு, எச்சப்பேறு, சுற்றத்தகவு, முழுத்தகவு என நான்கு பதிவுகளை வரைவாக ஏற்றியிருக்கிறேன். எச்சப்பேறு என்ற பதிவின் எதிரே அதைத் தந்த அம்மாவின் மடலுக்கு இணைப்பும் உண்டு. 'உயிர் பிழைத்தல்' தொடரை வரலாற்றுக் குறிப்பாக மட்டும் வைத்திருக்கிறேன். சுற்றத்தகவில்தான் எனக்கு அரைமனம். 'சுற்றம்' என்றால் சிலர் சுற்றுச்சூழலை நினைப்பார்களோ என்று ஓர் ஐயம். 'கிளைத்தகவு' என்றும் ஒரு யோசனை ஓடுகிறது, கிளை என்றால் உறவு என்ற பழைய பொருளில். வேறு வழி தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள். கரையான் புற்று பற்றிய என் கட்டுரை இந்த மாத இறுதியில் அச்சுக்குப் போகிறது, அதில் எந்தச் சொல்லைப் போடுவது என்று ஆசிரியர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்.