மறு: கவாத்து ஒன்று, வெட்டு இரண்டு: சொல் வேண்டும்

தோவாளை:
பூ விவசாயிகளுக்கான பயிற்சிக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. செடியை வெட்டிவிடுவதற்குச் சொல்லும் 'கவாத்து' என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டு வேலையைச் சொல்ல முடியவில்லை. டிசம்பர் கடைசி வாரம் பிச்சியைத் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் வெட்டுவது ஒன்று. நுனிமொட்டு போனதும் பக்கமொட்டுகள் விழிக்கும். பிச்சி புதுத்தளிரில்தான் பூக்கும். காய்ந்த, குறுக்கே ஓடிய, நோய்பட்ட கொப்பை அது கிளைத்த இடத்திலேயே எடுப்பது மற்றொன்று. அங்கே தளிர் வேண்டாம், காற்றும் வெயிலும்தான் வேண்டும். முதல் வேலையை மட்டும் வருடாவருடம் செய்தால் உச்சி வாரியல் (துடைப்பம்) மாதிரி அடர்ந்து, உள்கொப்பு இருட்டில் காயும், பூவும் குறையும்.

நாகர்கோவில்:
முதலில் கவாத்தையே விடுங்கள், படைப்பயிற்சிக்கு உருதுவழி வந்த சொல். தலைகொய்தல், கிளைகளைதல் என்று வையுங்கள்.

தக்கலை:
'செடியைத் தலைகொய்க' என்று அச்சிட்டால் கொலைக்கேஸ் ஆகிவிடும் ஐயா. கடையில் 'கவாத்துக் கத்தரி' என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

மார்த்தாண்டம்:
இரண்டாவதற்குக் 'கோதல்' பொருந்தும். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 'கொம்புகோதல்' என்றே சொல்கிறார்கள்.

நாகர்கோவில்:
1956-இல் நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது இதற்குத்தானா?

மார்த்தாண்டம்:
பறவை இறகு கோதுவது எந்த மொழியில்? கோது என்றால் சக்கை, குற்றம். 'கோதிலா' என்கிறோமே! கோதைக்கும் இதுவே வேராக இருக்கலாம். கவாத்தும் கவை, கவடு (கிளை பிரியும் இடம்) வழி வந்ததாகலாம்.

நாகர்கோவில்:
கோதை, கோத்தலின் பிள்ளை. கவாத்து கவையிலிருந்து வந்ததென்றால் 'ஆத்து' எந்த விகுதி? நன்னூலில் காட்டுங்கள்.

தக்கலை:
வெட்டும் இடத்தை வைத்துப் பெயரிட்டால் வேலை முடிந்தது: நுனிவெட்டு, கவட்டுவெட்டு. ரோஜாவில் நுனிவெட்டு வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக. உயர்த்தி வெட்டினால் மீந்த குச்சி கீழ்நோக்கிக் காயும், ஒட்டி வெட்டினால் மொட்டே காயும். கவட்டுவெட்டில் குச்சி மீதியே கூடாது. தாய்க்கிளைப் பட்டையும் கிழியக்கூடாது.

தோவாளை:
நுனிவெட்டு, கவட்டுவெட்டு என்றே போடுகிறேன். கவட்டுவெட்டுக்குப் பக்கத்தில் ஒருமுறை 'கோதல்' வரும். தலைப்பில் கவாத்து இருக்கும். மல்லிக்கு நுனிவெட்டு நவம்பர் கடைசி, 50 செ.மீ. உயரத்தில்.

தக்கலை:
நவம்பர் கடைசியில் நம் பக்கம் வடகிழக்கு மழை ஓய்ந்திருக்காது. வெட்டுவாய் நனைந்துகொண்டே இருந்தால் பூஞ்சை ஏறும். 'மழை விட்டபின்' என்று சேருங்கள். வெட்டுவாயில் பூஞ்சை தடுக்கும் போர்டோ பசை தடவவும் சொல்லுங்கள்.

நாகர்கோவில்:
'வெட்டுவாய்' நல்ல சொல். கவாத்துக்கு என் மறுப்பு மறுப்புதான்.