ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) லக்சுரி குடியிருப்பு: 2019 மே மாதம் நீச்சல்குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மடிப்பாக்கத்தான்:
2019 கோடையில் சென்னையே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோதும் தங்கள் லக்சுரி வளாகத்தில் ஒரு நாள்கூடக் குழாயில் தண்ணீர் வருவது நிற்கவில்லை என்றும், தனிவீட்டுக்காரர்களுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்றும் நாவலூர் நண்பர் ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த வருடம் அது. அந்த மே மாதம் உங்கள் வளாகத்துக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்த நான், நீச்சல்குளம் விளிம்புவரை நிரம்பியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பத்தாம் மாடி, நாவலூர்:
ஐயா, நீச்சல்குளத்துக்குத் தினமும் புதுத் தண்ணீர் ஊற்றுவதாக நினைப்பவரிடம் எதை விளக்குவது? அதே நீரைத்தான் வடிகட்டி, குளோரின் சேர்த்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். எங்கள் கழிவுநீர்கூடச் சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்துக்கும் ஃப்ளஷுக்கும் போகிறது. உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது?

மடிப்பாக்கத்தான்:
கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டாலே 3 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 25 லோடு. வெயிலில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 1,500 லிட்டரை மறுநாள் ஊற்றித்தான் ஆக வேண்டும். வடிகட்டியால் ஆவியைப் பிடிக்க முடியாது, நண்பரே. அந்த 1,500 லிட்டர் எங்கிருந்து வந்தது?

வாடகைக்கு இருப்பவன், கேளம்பாக்கம்:
எது லக்சுரி என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு சண்டை போட்டால் நன்றாயிருக்கும். எங்கள் வளாகத்திலும் நீச்சல்குளம், ஜிம், கிளப் ஹவுஸ் எல்லாம் உண்டு. ஆனால் குளியலறை ஷவரில் உப்பு படிந்து பாதித் துளைகள் அடைந்துவிட்டன. வாரம் ஒருமுறை ஊசியால் குத்தித்தான் தண்ணீரை வரவழைக்கிறேன். பராமரிப்புத் தொகையைக் கட்டுவது நான். அசோசியேஷன் கூட்டத்தில் பேச மட்டும் எனக்கு உரிமை கிடையாது.

பத்தாம் மாடி, நாவலூர்:
வாடகைதாரர் வருவார், போவார். கடனைக் கட்டுபவன் உரிமையாளன்தான். கூட்டத்தில் பேச வேண்டுமென்றால் வாங்கிவிட்டுப் பேசுங்கள். மடிப்பாக்கத்தாரே, 2015 டிசம்பரில் உங்கள் பகுதியில் படகு விட்டதை ஊரே பார்த்தது. ஏரியைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டவர்கள் எங்களுக்கு நீர் மேலாண்மை கற்பிக்க வேண்டாம்.

மடிப்பாக்கத்தான்:
வெள்ளம் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி எழும்பிய கோபுரங்களைப் பற்றியும் பேச நேர்ந்திருக்கும். கிரகப்பிரவேசத்தன்று உங்கள் பின்வாசலில் மூன்று டேங்கர் லாரிகள் வரிசையில் நின்றன. தொடை மொத்தத்துக்கு இருந்த குழாயைத் தரையடித் தொட்டிக்குள் ஒருவர் இறக்க, காவலாளி வண்டி எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். அவை ஏதோ ஒரு கிராமத்து விவசாயக் கிணற்றிலிருந்து நிரப்பி வந்தவை. லாரித் தண்ணீரை வாங்குவது குற்றமென்று நான் சொல்லவில்லை. அதை வாங்கிக் குளத்தில் ஊற்றிவிட்டு, எங்களுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று எழுதுவதைத்தான் கேட்கிறேன். எங்கிருந்து வந்தது?

சோழிங்கநல்லூர் சீனியர்:
தண்ணீரை விடுங்கள். வீட்டுக்குள் நாம் உண்மையில் புழங்கும் பரப்பான கார்பெட் ஏரியாவைப் பற்றி யாராவது பேசுங்கள். கட்டுமான நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் 2016இல் வந்த பிறகும், விளம்பரத்தில் 1,450 சதுர அடி என்று பெரிதாகப் போட்டுவிட்டு, லிஃப்டையும் நடைவழியையும் நம் தலையில் கட்டுகிறார்கள். போதாக்குறைக்கு, பராமரிப்பு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு.

பத்தாம் மாடி, நாவலூர்:
முழுத் தொகைக்கும் வரி இல்லை, 7,500க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இலேயே சொல்லிவிட்டது. தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

சோழிங்கநல்லூர் சீனியர்:
தீர்ப்பு எனக்கும் தெரியும், தம்பி. எங்கள் செயலாளருக்குத்தான் தெரியவில்லை. போன வருடம் கேட்டதற்கு என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்.

வாடகைக்கு இருப்பவன், கேளம்பாக்கம்:
உங்களையாவது சேர்த்துவிட்டு நீக்கினார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவை உரிமையாளர்களின் லிஃப்டில் ஏறக்கூடாதென்று இறக்கிவிட்டார்கள். அதற்கும் திட்டமிடல் என்றுதான் பெயரா?

பத்தாம் மாடி, நாவலூர்:
சர்வீஸ் லிஃப்ட் எதற்கு இருக்கிறது?

மடிப்பாக்கத்தான்:
லிஃப்டுக்குள் ஒளிய வேண்டாம். ஜிஎஸ்டிக்குத் தீர்ப்பைத் தேடித் தரத் தெரிந்தவருக்கு மே மாத லாரி பில்லைத் தேடத் தெரியாதா? அசோசியேஷன் கணக்கில் இருக்கும் அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் நானும் பேசாமல் போய்விடுவேன்.

பத்தாம் மாடி, நாவலூர்:
எங்கள் கணக்கு உறுப்பினர்களுக்கு மட்டும்தான் காட்டப்படும். விருந்தாளியாக வந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பின்வாசலில் லாரி எண்ணியவருக்குக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

மடிப்பாக்கத்தான்:
ஆக, லாரி வந்தது என்பதை நீங்கள் மறுக்கவில்லை. எத்தனை லோடு?