பி.எஃப்.எம்.எஸ். (மத்திய அரசின் நிதி மேலாண்மைத் தளம்) இருப்பு 37,000 ரூபாய் இடிக்கிறது, இரண்டாம் தவணை நிற்கிறது

விழுப்புரம் மாவட்டத்தில் நிலக்கடலை இலைப்புள்ளி நோய்க் கள ஆய்வு. மத்திய அரசு மானியம், மூன்றாண்டுத் திட்டம். ஜூனில் அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழ் (மானியம் செலவான கணக்கு, படிவம் 12-ஏ) இரண்டு முறை திரும்பிவிட்டது.

சிக்கல் ஒரே பதிவில்தான். ஆய்வு உதவியாளரின் மார்ச் உதவித்தொகை 37,000 ரூபாய். பேமெண்ட் அட்வைஸ் (வங்கிக்குத் தரும் பட்டுவாடா உத்தரவு) மார்ச் 31 தேதியிட்டது. வங்கி பற்று வைத்தது ஏப்ரல் 4. தணிக்கையாளர் அதைச் செலவில் சேர்த்திருக்கிறார், பி.எஃப்.எம்.எஸ். இருப்பில் காட்டுகிறது.

வங்கிக் கணக்கு ஒத்திசைவுப் பட்டியல் கையொப்பத்துடன் இணைத்தாயிற்று. மானியத் தொகைக்கு வந்த வட்டியை பாரத்கோஷில் (அரசுக்குப் பணம் கட்டும் இணையத்தளம்) கட்டிய ரசீதும் உண்டு. மூன்று மின்னஞ்சலுக்கும் "இருப்பு பொருந்தவில்லை" என்பதே பதில்.

8 சிகிச்சை, ஒவ்வொன்றும் 3 பாத்திகளில் என 24 பாத்திகள் உழுது கிடக்கின்றன. மார்கழிப் பட்டம் தவறினால் இரண்டு பருவ ஒப்பீடே போய்விடும்.

தணிக்கை அறிக்கையைத் தொடாமல், 12-ஏ-வை மட்டும் ரொக்க அடிப்படையில் (வங்கியில் பணம் போன தேதிப்படி) திருத்தி, 37,000-ஐச் செலவழியாத இருப்பாகக் காட்டி யாராவது தவணை வாங்கியிருக்கிறீர்களா?