பார்த்தது ஒன்று, படத்தில் வந்தது வேறொன்று

மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகளுக்கு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார், அவள் விழாமலிருக்க அவர் முடியைக் கொத்தாகப் பிடித்தபடி எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் மனசே விட்டுப்போச்சு. நடுவில் இரண்டு பேரும் சின்னதாக, பின்னால் பளீரென்று ஒரு விளம்பரப் பலகை, ஓரத்தில் யாருடையதோ ஒரு சிவப்புப் பை, அப்பாவின் முகம் ஒரே இருட்டு.

முதல் இரண்டு படங்களும் கலங்கியிருந்தன. சாயங்கால வெளிச்சத்தில் கேமரா தானாகவே ஷட்டர் திறந்திருக்கும் நேரமாக 1/40 நொடியைத் தேர்ந்தெடுத்திருந்தது, கை அசைகிற மனிதர்களுக்கு அது போதாது. அப்படிக் கலங்கிய படத்தை எடிட்டிங்கில் முழுசாகச் சரிசெய்ய முடியாது, ஆனால் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) ஏறியதால் வரும் புள்ளிகளைப் பெருமளவு குறைத்துவிடலாம். அன்றிலிருந்து தெருவில் ஷட்டரை 1/500-இல் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை 6400 வரை தானாக ஏற விட்டுவிடுகிறேன். புள்ளிக்குப் பயந்து படத்தையே இழக்காதீர்கள்.

மூன்றாவது கூர்மையாக இருந்தது, நல்லவேளையாக ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்த தகவல் முழுதும் அப்படியே இருக்கிற கோப்பு. முதலில் சாய்ந்திருந்த கம்பத்தை நிமிர்த்தினேன், பிறகு இடதுபக்கம் தாராளமாக வெட்டினேன். 24 மெகாபிக்சலில் பாதி போனாலும் 12 மிஞ்சும், பிரிண்ட் போடவே அது தாராளம். இப்படி ஓரத்தை வெட்டுவதை, அதாவது கிராப் செய்வதை, குற்றம்போல நினைப்பவர்கள் உண்டு. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரஸோன் 1932-இல் பாரிஸின் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த, தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற மனிதரின் படமே வேலி இடுக்கு வழியாக எடுத்து வெட்டிச் சரிசெய்ததுதான், அவரோ பொதுவாக வெட்டுவதை விரும்பாதவர்.

அப்புறம் முகம். இருட்டான பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோ ஸ்லைடரை மொத்தமாக ஏற்றுவதுதான் ரொம்ப நாள் நான் செய்த தப்பு, படம் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். இந்தமுறை எடிட்டிங்கில் முகப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து (மாஸ்க் போட்டு) ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு, ஏற்றினேன், பலகையின் ஹைலைட்டை, அதாவது பளீரென்ற பகுதியை, இறக்கினேன். சிவப்புப் பைதான் தொல்லை கொடுத்தது, அதை வெட்டினால் குழந்தையின் முழங்கையும் போய்விடும், இருந்ததை அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எனவே கருப்பு வெள்ளைக்கு மாற்றிச் சிவப்பை மட்டும் இருட்டாக்கினேன், பை பின்னணியோடு போய்விட்டது. கவனம், மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சில்தான் இருக்கிறது, அதையும் சேர்த்து இறக்கினால் முகம் அழுக்காகிவிடும். கடைசியாகக் குழந்தையின் கையைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன், அப்போதுதான் முடிக்குள் புதைந்திருந்த விரல்கள் நன்றாகத் தெரிந்தன.

ஆனால் இவ்வளவு பாடும் எதற்கு? நான் தூரத்திலேயே நின்றதற்கு. இரண்டு எட்டு முன்னால் போய், கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் பலகையும் வந்திருக்காது, பையும் வந்திருக்காது. இப்போது 28 மிமீ அகலக்கோண லென்ஸ், எஃப் 8 (லென்ஸின் துளை சிறியது, அதனால் அதிக ஆழம் தெளிவாக வரும்), ஃபோகஸை 2.5 மீட்டரில் கையால் வைத்துவிடுகிறேன். முழு ஃப்ரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை தெளிவாக வந்துவிடும், ஃபோகஸ் பிடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆளைத் துரத்துவதையும் விட்டுவிட்டேன். நல்ல பின்னணியாகப் பார்த்து நின்றுகொள்கிறேன், ஆட்கள் தானாக வருவார்கள்.

அப்படி ஒருநாள், சுவரில் சாய்வாக வெயில் விழுகிற இடத்தில், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப் குறைத்து வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வயதான அம்மா வெயிலுக்குள் வந்தார், எடுத்தேன், பார்த்துவிட்டார். "என்னையா எடுத்தே?" என்றார். வேண்டாமென்றால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுவதாகச் சொல்லித் திரையைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணை மூடியிருக்கேனே, இன்னொண்ணு எடு" என்று சொல்லித் திரும்பிப் போய் மறுபடியும் நடந்து வந்தார். இரண்டாவதில் கண் திறந்திருந்தது, நடை விறைப்பாக இருந்தது, அதுதான் அவருக்குப் பிடித்தது, அங்கேயே அனுப்பிவிட்டேன். வெயில் பட்டுக் கண் மூடிய முதல் படத்தை அவரிடம் கேட்டுவிட்டு நான் வைத்துக்கொண்டேன். அதில் எடிட்டிங் என்று எதுவும் செய்யவில்லை, சாய்வை மட்டும் ஒரு டிகிரி நிமிர்த்தினேன்.